யோகேஸ்வரிக்கு மட்டும் வந்த நாற்காலி

புது நாற்காலி வந்து மூன்று நாளாகியும் யோகேஸ்வரி அதில் நிலையாக உட்காரவில்லை. செனாய் நகரத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். நாற்காலி அவளுக்கு மட்டும்தான் வந்தது. முதல் நாள் உட்கார்ந்தபோது முதுகோடு சாய்ந்தது, இடுப்போடு திரும்பியது. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டாள். அடியில் கைவிட்டுத் தடவியதில் கறுப்புப் பெட்டி ஒன்று தட்டுப்பட்டது.

“அதுல மைக் இருக்கு, யோகேஸ். நீ என்னைத் திட்டுறதெல்லாம் மேல கேக்குது,” என்றார் எதிர் மேசை மணியம்.

“நல்லா கேக்கட்டும் லா. உங்களப் பத்தி இன்னும் நெறைய பாக்கி இருக்கு.”

சிரித்தாளே தவிர, பயம் உள்ளேயே கிடந்தது. முன்பு இதே அலுவலகத்தில் இருந்த தேன்மொழிக்கு இப்படித்தான் புதுக் கணினி கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கணினி இருந்தது, தேன்மொழி இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் தன்னை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

அலுவலகத்துக்கு வருமுன் எட்டு வருடம் உற்பத்தி வரிசையில் நின்றவள் அவள். அங்கே கழிவறைக்குப் போகிறவர் கழுத்தில் சிவப்பு அட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் நிமிடத்தைக் குறித்துக்கொள்வார். அதனால்தான் போன மாதம் மனிதவளப் பிரிவு கொடுத்த கேள்வித்தாளில் ‘ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்ததற்கு யோசிக்காமல் பூஜ்யம் போட்டாள். உண்மையில் முதுகுவலி அவளை எழுப்பிக்கொண்டே இருந்தது. யாராவது பார்த்தால் ஃபைல் தேடுவதுபோல் அலமாரியருகே நின்றுகொள்வாள்.

நான்காம் நாள் மனிதவளப் பிரிவிலிருந்து ஐலீன் வந்தாள்.

“நாற்காலி பிடிக்கலையாக்கா?”

“இது எனக்கு வாங்குனதா, எனக்கு அப்புறம் வரப்போற ஆளுக்கா?”

“அலமாக்! யாரும் வரலக்கா. ஏழு பேர்ல நீங்க மட்டும்தான் ஒரு தடவைகூட எழுந்திருக்கிறதில்லன்னு எழுதியிருந்தீங்க. அப்படி அசையாம உக்காந்தா முதுகு என்னாவறது? அதான் முதல்ல உங்களுக்கு. நீங்க அசைஞ்சா இதுவும் அசையும்.”

“அடியில இருக்கிற பெட்டி?”

“அது ஸ்பிரிங்தான்க்கா. எவ்ளோ சாயணும்னு வைக்கிறது.” ஐலீன் குனிந்து பெட்டியிலிருந்த திருகுக் குமிழைத் திருப்பிக் காட்டினாள்.

“நான் பதினஞ்சுன்னு எழுதினேன்,” என்றார் மணியம். “உண்மைய எழுதினவனுக்கு இந்தப் பழைய மர நாற்காலிதான், பாத்தியா?”

யோகேஸ்வரி அவரை முறைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி மெதுவாகப் பின்வாங்கி அவள் முதுகை வாங்கிக்கொண்டது. வலி கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் அது அசையாதபடி இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். இந்தத் தடவை கையில் ஃபைல் இல்லை.

“தண்ணி எடுத்துட்டு வரேம்மா.”

தண்ணீர் இயந்திரத்தருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். ஐலீன் அங்கேயே நின்றிருந்தாள், நிமிடம் குறிக்கிறவள்போல் கையில் பேனா. பாதி நிறைந்த போத்தலை மூடிக்கொண்டு யோகேஸ்வரி விறுவிறுவென்று இடத்துக்குத் திரும்பினாள்.