ஊமல் கரியில் விழுந்த திருநீறு

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எழுதினால் என் பக்தியில் குறை காண்பார்கள். எழுதாவிட்டால் மகளின் உழைப்பு மறைந்துவிடும்.

நான் அச்சுவேலிப் பக்கம் வெங்காயப் பயிர் செய்பவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மகள் பல்கலைக்கழகத்தில், வெயிலில் மின்சாரம் தரும் தகடுகளை ஆராய்கிறாள். அவள் செய்யும் வகைத் தகட்டின் ஒரு பக்கத்துக்குப் பிளாட்டினம் பூசுவார்களாம். அது விலை கூட. பதிலுக்குக் கரியில் இரும்பைத் தனித்தனி அணுவாக நிறுத்திப் பார்க்க நினைத்தாள். கரிக்கு ஊமல் கேட்டாள். பனங்கிழங்கு கிண்டியபின் மிஞ்சும் கொட்டைதான் ஊமல்.

"இரும்பு ஒண்டோடை ஒண்டு ஒட்டக்கூடாது அப்பா. ஒட்டினால் கட்டியாகி வேலை குறைஞ்சுபோம்."

"வெங்காயம் நடுற மாதிரி இடைவிட்டு எண்டு சொல்லு."

"ஓம். கூட்டமாய் நிண்டால் உங்கடை கோயில் சபை மாதிரித்தான்."

நானும் அந்தச் சபையில் ஒருவன். சிரித்தபடி ஊமலை மூடிய பானையில் சுட்டேன். நல்ல காரியமென்று, கரியில் சந்நிதி முருகன் கோயில் திருநீறும் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தேன்.

"இதென்ன வெள்ளை?"

"சந்நிதியான்ரை திருநீறு, பிள்ளை."

தலையில் கைவைத்து இருந்துவிட்டாள். வேறெதுவும் கலந்தால் சோதனை பிழைத்துவிடும். ஊமலும் முடிந்துவிட்டது. அளக்கும் கருவியில் அவளுடைய முறை அடுத்த கிழமை. தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"முருகன் கோவிக்காட்டில் அமிலத்திலை கழுவிப் பாக்கிறன்."

"அவர் ஏன் கோவிக்கிறார்? அவருக்கே நாளாந்தம் அபிசேகந்தானே."

திரும்பத் திரும்பக் கழுவினாள். திருநீறு போனதை உறுதிசெய்துதான் இரும்பைச் சேர்த்துச் சூடாக்கினாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கழுவாத கரியிலும் ஒரு தகடு செய்தாள்.

அளக்கும் நாளில் நானும் போனேன். கழுவிய கரித் தகடு, பிளாட்டினம் பூசியதற்குக் கிட்ட வந்தது. திருநீற்றுக் கரித் தகட்டுக்குக் கருவி அசையவேயில்லை.

"பாத்தியளே அப்பா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

சந்தோசத்தில் கோயிலில் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்குள் கதை மாறிவிட்டது; திருநீறு போட்டதால்தான் மின்சாரம் வந்ததாம். ஒருவர் தன் வீட்டுக் கூரையிலிருந்த தகடுகளுக்குத் திருநீறு பூசி, வெயில் மறைந்து கரண்ட் குறைந்ததென்று என்னிடமே வந்தார்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, இவ்வளவு காலமும் நான் என்ன செய்தனான்?"

திருநீறு பூசாமல் நான் இன்றும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அவளுக்குப் பொறுமை கொடு என்று கேட்டேன், முருகன் கொடுத்தான். கழுவியது அவள். இரும்பை இடைவிட்டு நிறுத்தியதும் அவள். ஆகவே, இதை வாசிக்கிற நீங்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். திருநீற்றைக் கழுவிய இடத்தை மட்டும் விட்டுவிடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.