எனக்குத்தான் மடக்குக் கத்தி

"யாருக்குங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

மடக்குக் கத்தி வேண்டும் என்று நான் கேட்டதற்கு வந்த பதில் இது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் அந்த இரும்புச் சாமான் கடையில் எனக்கு முன்னால் நின்ற மனிதர் அரிவாளே வாங்கிக்கொண்டு போனார். அவரை யாரும் யாருக்கு என்று கேட்கவில்லை.

"எனக்குத்தான்" என்றேன். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு, என்னை வண்டியில் கூட்டி வந்திருந்த கொழுந்தனைப் பார்த்தார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் போன பிறகு கச்சிராயபாளையத்துக் கரும்பை நான்தான் பார்க்கிறேன். சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அறுக்க வேண்டும். உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும், நைலான் கயிறு வெட்ட வேண்டும். இதற்கெல்லாம் பல்லையும் நகத்தையும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? அவருடைய பழைய கத்தி துருவேறி ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் புதிதாக ஒன்று வாங்கப் போனேன்.

கடைக்காரர் இரண்டு கத்திகளைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். கையில் தரவில்லை. எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பார்கள். ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று ரோஸ் நிறத்தில், சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்னக் கத்தி. கூடவே நகவெட்டியும் குட்டிக் கத்தரிக்கோலும் இருந்தன. இன்னொன்று கறுப்புப் பிடி போட்டது. விரித்ததும் டக்கென்று பூட்டிக்கொண்டது. உள்பக்கத்துத் தகட்டைத் தள்ளினால்தான் மடங்கும். பிடி என் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது. ரோஸ் கத்திக்குப் பூட்டு கிடையாது. முதுகில் விரலை வைத்து அழுத்தினாலே தலையைச் சாய்த்தது.

"லேடீஸ் எல்லாம் இதான் வாங்கிக்கினு போறாங்க. வெயிட்டும் கம்மி" என்று ரோஸ் கத்தியை என் பக்கம் தள்ளினார் கடைக்காரர்.

"அந்தக் கறுப்பை இடுப்புல சொருவிக்கினு போனீங்கன்னா ஊருல இன்னா பேசுவாங்க அண்ணி? ரவுடின்னுவாங்க" என்று கொழுந்தன் சிரித்தான். கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே காசைக் கொடுத்து, ரோஸ் கத்தியைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டான். கரும்பில் இறங்குகிறவளுக்கு நகவெட்டி எதற்கு? வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கவா?

அவனுடைய அக்கறை எதில் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அண்ணன் காரியம் முடிந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். "கரும்பு பொம்பளையால ஆவுற வேலையா அண்ணி? நிலத்தை எங்கிட்ட உட்டுடுங்க. நீங்க வூட்டுல நிம்மதியா இருங்க." நிலம் போனால் என் வீட்டிலேயே நான் அவன் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டும். அதற்குப் பெயர் நிம்மதியாம்.

அந்த வாரமே ரோஸ் கத்தி தன் வேலையைக் காட்டியது. அடைத்த குழாயில் முனையை வைத்துக் குத்தினேன். குழாய்க்குள் போகாமல் கத்தி என் பக்கமே மடங்கி ஆள்காட்டி விரலை வாங்கிவிட்டது. தையல் போட்டுக் கட்டோடு வந்து திண்ணையில்கூட உட்காரவில்லை, கொழுந்தன் வந்து நின்றான்.

"நான் சொன்னப்ப கேட்டீங்களா? இதுக்குத்தான் பொம்பளைக்குக் கத்தி எதுக்குன்றது."

அவன் பொறுக்கிய கத்தி! அவன் கட்டச் சொன்ன பொட்டலம்! குறை கத்தியில் இல்லையாம், நான் பொம்பளை என்பதில் இருக்கிறதாம். விரல் வலியை விட அந்தப் பேச்சுதான் எரிந்தது. ஆத்திரத்தில் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கட்டு போட்ட கையோடு டவுன் பஸ் பிடித்துத் தனியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

"தம்பி வரலீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கத்தி எனக்கு. அந்தக் கறுப்பை எடுத்து வையுங்க" என்றேன். வைத்தார். எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து என் இடுப்பில் சொருகியிருக்கிறது. ஊரில் யாரும் ரவுடி என்று சொல்லவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரம்மா மட்டும் எங்கே வாங்கினாய் என்று கேட்டாள்.

விரல் ஆறியதும் மலைமேல் கரியாலூரில் ஒரு கிடாரிக் கன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மினி லாரி கொழுந்தனுடையது என்பதால் அவனும் வந்தான். கன்றைப் பின்னால் ஏற்றி அவனே கழுத்தில் கயிறு கட்டினான். "சுருக்கு போடாதே, இறுகிக்கும்" என்றேன். "மாடு கட்டறதுகூட எனக்குத் தெரியாதா அண்ணி?" என்றான். நான் கன்றோடு பின்னால் ஏறி நின்றுகொண்டேன்.

மலை இறங்குகையில் ஒரு வளைவில் வண்டி சாய்ந்ததும் கன்று கால் வழுக்கி விழுந்தது. சுருக்கு கழுத்தை நெரித்தது. நாக்கு வெளியே தள்ளி, கண் பிதுங்கிவிட்டது. நான் கத்திய கத்தலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். முடிச்சை விரலால் பிடுங்கினான், பல்லால் கடித்தான். அது நைலான், கன்று இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

நான் கத்தியை விரித்தேன். டக்கென்று பூட்டியது.

"கொண்டாங்க, நான் அறுக்கறேன்" என்றான்.

"தள்ளு" என்றேன். கன்றின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே என் தழும்பு விரலையே கொடுத்து, கத்தியைக் கூர் வெளிப்பக்கம் பார்க்க நுழைத்து இழுத்தேன். கயிறு அறுந்தது. கன்று ஒரு பெரிய மூச்சு விட்டு, இருமி, நாலு காலையும் உதறிக்கொண்டு எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவனைத் திட்டினேன்.

அவன் மிச்சக் கயிற்றில் சுருக்கு இல்லாமல் திரும்பக் கட்டினான். நீண்டு தொங்கிய நுனியை அறுக்க வேண்டியிருந்தது. "கத்தியைக் கொஞ்சம் வைங்க அண்ணி" என்று வண்டியின் பலகையைக் காட்டினான்.

நான் பலகையில் வைக்கவில்லை. அவன் கையைப் பிடித்து விரித்து, கத்தியை மடக்கி உள்ளங்கையில் வைத்தேன்.

பதறிப்போனான். "ஐயோ, இன்னா அண்ணி, கையில குடுக்கறீங்க? சண்டை வரப்போவுது."

"வரட்டும். நிலத்தைப் பத்திப் பேசணும்னு சொல்லிக்கினே இருந்தியே தம்பி. இப்பப் பேசு."