வானத்திலிருந்து விழுந்த துணி

செப்டம்பர் வந்தாலே என் மாமியாரின் அக்கா லியோட்டாவுக்கு அலுப்புத் தட்டிவிடும். 1925 செப்டம்பரில் ஒஹையோவின் எங்கள் மேட்டுநிலத்தில் ஷெனாண்டோவா என்ற கடற்படை வான்கப்பல் உடைந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவள் அவள்தான். வருடா வருடம் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"விடிகாலை. மாடு கறந்துட்டிருந்தேன். புயலடிச்சுது. மேல வெள்ளியா மிதந்துட்டிருந்த கப்பல் துண்டு துண்டாப் பிய்ஞ்சுது. வேற என்ன சொல்லணும்?" என்பாள். வந்தவர்கள் போனதும் செருப்பை உதறிவிட்டு, "செத்தவங்களைவிட இவங்க கேள்விதான் என்னைக் கொல்லுது" என்பாள். அவர்களிடம் சொல்லாததை எனக்கு ஒருமுறை சொன்னாள்.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. கப்பலின் ஒரு துண்டு அவர்கள் சோளக்கொல்லையில் விழுந்தது. பக்கத்திலேயே வெண்டல் என்கிற மாலுமி செத்துக் கிடந்தான். அவனை எடுத்துப்போன பிறகு ஊரே கத்தியோடு வந்து, கப்பலைப் போர்த்தியிருந்த வெள்ளிநிறத் துணியை அறுத்தது. வேலி தாண்டி விழுந்த ஆப்பிள், அது விழுந்த நிலத்துக்காரனுக்கே சொந்தம் என்பது எங்கள் பக்கத்து நியாயம். லியோட்டாவின் அம்மாவும் அந்த நியாயப்படி ஒரு துண்டை அறுத்து வந்து, தண்ணீர் இறங்காத துணியாயிற்றே என்று, மகளுக்கு மழைக்கோட்டு தைத்தாள். அதுவரை அவளுக்கு மழைக்கோட்டே கிடையாது.

அக்டோபரில் வெண்டலின் தாய் குடையோடு வந்து நின்றாள். மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு இடுப்பு வலி. லியோட்டாதான் கூட்டிப்போக வேண்டும். வெளியே நல்ல மழை.

"நான் கோட்டு இல்லாம சும்மாவே போறேம்மா."

"அடி போடி! நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா மாட்டை யாரு கறப்பா?" என்று அம்மா அந்தக் கோட்டை அவள் தோளில் மாட்டிவிட்டாள். வந்தவள் எதிரே மறுத்துப் பேச லியோட்டாவுக்கு வாய் வரவில்லை. அது எந்தத் துணி என்று அந்தத் தாய்க்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு முன்னால் முன்னால் நடந்தாள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்ததாம்.

கொல்லையில் இடத்தைக் காட்டினாள். அந்த அம்மாள் மண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, மழை வழிந்தோடும் கோட்டின் வெள்ளிநிறக் கையைப் பார்த்தாள்.

"இது... அதுவா?"

"ஆமாங்க." லியோட்டா அழுதுகொண்டே பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். "எடுத்துக்குங்க. மன்னிச்சிருங்க."

அவள் லியோட்டாவின் விரல்களைப் பிடித்துத் தடுத்தாள்.

"கழட்டாதேடா கண்ணு. அவன் இதை ரொம்ப நம்பினான். எந்தப் புயலையும் தாங்கும்னு எழுதியிருந்தான்." கழன்ற பொத்தானைத் தானே மாட்டிவிட்டாள். "உனக்காவது மழையைத் தாங்கட்டும்."

வீடு வரும்வரை அந்தத் தாய் கோட்டுக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாளாம்.

"அப்புறம் அந்தக் கோட்டை என்ன பண்ணீங்க, அத்தை?" என்று கேட்டேன்.

"போட்டேன். கிழியற வரைக்கும் போட்டேன். எங்க வீட்ல வேற கோட்டு ஏது?" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.