சூடாக வந்த ரத்தம்

இது நிஜமாக நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு பெரிய மருத்துவமனையின் லேப்பில். பேய் என்றால் நடுநிசி வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அங்கே டெக்னீஷியனாக இருந்தவளை எல்லாரும் 'சோடாபுட்டி' என்பார்கள். அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தோடு வார்டில் படுத்திருந்த ஒரு பெண்ணின் ரத்தம் அவளிடம் வந்தது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடக் கூடாதென்று எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பார்கள். பலருக்குள்ளும் சத்தமில்லாமல் தூங்குகிற ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று, அந்தச் சமயம் பார்த்து விழித்துக்கொள்ளும். விழித்துவிட்டதா என்று ரத்தம் எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

குழாய் வந்தபோது இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. சோடாபுட்டி அதை மேசையில் வைத்துவிட்டு, கேன்டீனில் தோழியின் மாமியார் புராணம் கேட்கப் போனாள். அந்தப் புராணத்துக்கு முடிவு ஏது? திரும்பியபோது கெடு தாண்டியிருந்தது.

வாசலில் அண்ணன் நின்றான்.

"தங்கச்சி ரிசல்ட் வந்துருச்சாங்க?"

"ரத்தம் லேட்டா வந்துச்சு. நாளைக்கு மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

வாய் கூசாமல் சொன்னாள்.

மறுநாள் காலை அந்தப் பெண் இறந்துவிட்டாள். செய்தி கேட்டதிலிருந்து சோடாபுட்டிக்குச் சோறு இறங்கவில்லை. வேறு ஏதாவது காரணமாக இருக்கும், அந்த வைரஸாக இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மதியம் 2.10. மேசையில் ஒரு குழாய்.

யாரும் கொண்டுவரவில்லை. கதவுச் சத்தமும் இல்லை. லேபிளில் அதே பெண்ணின் பெயர். இன்றைய தேதி.

எடுத்தாள்.

சூடாக இருந்தது...

குப்பையில் போட்டிருக்கலாம். கை வரவில்லை. நேற்றுச் செய்யாத வேலையை அழுதுகொண்டே செய்தாள். வெள்ளணுக்களைப் பிரித்தாள். சாயம் ஏற்றினாள். விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியில் கண் வைத்தாள். வைரஸ் விழித்திருந்தால் அணுக்கள் பச்சையாக ஒளிரும். சில அணுக்கள் ஒளிர்ந்தாலே மருந்து ஏற்றிவிடுவார்கள்.

ஒன்று... நான்கு... பதினேழு...

எங்கும் பச்சை.

"நான்தான் கொன்னுட்டேன்..."

டிரிங்... டிரிங்...

பிணவறை ஊழியர்.

"லேப்புங்களா? காலையில இறந்த பொண்ணுகிட்ட யாராச்சும் ரத்தம் எடுத்தீங்களா?"

"இல்லையே..."

"கையில புதுசா ஊசி குத்தின தடம் இருக்கு. உடம்பு ஜில்லுன்னு கிடக்கு. அந்த இடத்துல மட்டும் ரத்தம் நிக்க மாட்டேங்குது... அவங்க அண்ணன் பஞ்சை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."