வெளியே நின்ற கப்பலும் சிப்பிகாட்டு வாத்துகளும்

கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை.

போர்ட் பிளேயரில் டெலானிபூர் மேட்டில் ஏறிப் பார்த்தால், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஒரு குளிர்பெட்டியில், நான் சென்னையிலிருந்து வரவழைத்த ஆட்டுக்கறி முழுவதும் இருந்தது. வெங்காயமும் அதே கப்பலில்தான். அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை கல்யாணம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. கடலில் தாழ்வுமண்டலம், காற்று அடங்குகிறவரை எந்தக் கப்பலும் கரையணைகிற ஜெட்டிக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆண்டவரில் பிரியமான சகோதர சகோதரிகளே, என் பெயர் பிரகாசம். பத்துபஸ்தியில் குடியிருக்கிறேன். பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை. எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் கொஞ்சம் கோபக்காரன். ஆண்டவரிடமும் அப்படித்தான் பேசினேன், அதையும் மறைக்கப்போவதில்லை.

முன்பு நான் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் பண்டாரி. சமையற்காரனைக் கப்பலில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அடுப்படியில் தலை சுற்றி விழுந்தேன். காதுக்குள்ளே கோளாறு, இனிமேல் கடல் வேலை கூடாது என்றார் டாக்டர். கரைக்கு வந்த பிறகும் படுத்தால் கட்டில் ஆடும், எழுந்தால் சுவர் ஆடும். வேறு என்ன தெரியும் எனக்கு? தூத்துக்குடியில் மச்சினன் ஒரு வாட்ச்மேன் வேலை பார்த்துவைத்திருந்தான். பெட்டி கட்டலாம் என்றேன். என் மனைவி ரீத்தா கேட்கவில்லை. ஆபீஸ்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். நான் சமைத்தேன், அவள் கொண்டுபோனாள். பிறகு ஞானஸ்நான விருந்து, புதுநன்மை விருந்து என்று ஒவ்வொன்றாக வந்தது. மெல்ல மெல்லத் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆனது.

அப்போதுதான் சூசை அண்ணாச்சி தன் மகள் கல்யாணச் சமையலை என்னிடம் ஒப்படைத்தார். டெலானிபூரில் சிமெண்ட், கம்பி வியாபாரம் செய்கிறவர். நம் பங்கில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். ஊர்ப்பக்கத்து ஆட்டுக்கறி பிரியாணிதான் வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் மெயின்லேண்டிலிருந்து வருகிறார்கள், குறை இருக்கக்கூடாது என்றார். இது நன்றாக முடிந்தால் போர்ட் பிளேயர் முழுவதும் என் பெயர் போகும். கெட்டாலும் முழுவதும் போகும். சின்ன ஊர்தானே.

இந்தத் தீவில் நமக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தால்தான் அது சாமான். நானும் மிளகாய்த்தூள் வரைக்கும் சென்னைக்கே சொல்லிவிட்டேன். கப்பலில் வேலை பார்த்த எனக்கே கப்பல் தாமதமாகும் என்று தோன்றவில்லை என்றால் பாருங்கள்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் ஆரம்பம். அதன்பிறகு கிறிஸ்துமஸ் முடியும்வரை நம் பங்கில் கல்யாணம் வைப்பதில்லை. மாப்பிள்ளைக்கோ லீவு அதற்குள் முடிகிறது. மீன் போடலாமென்றால் டிங்கிப் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. தீவனம் வராமல் கோழிப்பண்ணைகளிலும் தட்டுப்பாடு, இருந்த கோழியை ஓட்டல்காரர்கள் அள்ளிவிட்டார்கள். போன் மேல் போன் போட்டேன். எல்லாரிடமும் ஒரே பதில், நாளைக்குப் பார்ப்போம் பாய். பாய் என்றால் இங்கே அண்ணன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழையோடு மழையாகக் கோயிலுக்குப் போனேன். குகை மாதிரி கட்டிய மாதா கெபியின் முன்னால் முழங்காலில் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாமி, பெரிய அதிசயம் ஒன்றும் கேட்கவில்லை, ஒரே ஒரு கப்பலை ஜெட்டியில் கட்டித் தாரும், அது கூடவா முடியாது என்று கேட்டேன். செபமாலை சொல்லி முடித்துத் திரும்பிக் கடலைப் பார்த்தேன். காற்று இன்னும் பலமாக அடித்தது. எனக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக ஊருக்கு வெளியே சிப்பிகாட்டுக்குப் போனேன். எதற்குத் தெரியுமா? வாழையிலை வேண்டாம் என்று சொல்வதற்கு. பந்திக்கான இலையை நிதாய் தாதா என்ற பெங்காலி விவசாயியிடம் சொல்லிவைத்திருந்தேன். தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். சாப்பாடே இல்லை, இலை எதற்கு? அவர் வெட்டுவதற்கு முன்னால் நிறுத்தினால் அவருக்காவது நஷ்டமில்லை. அங்கிருந்து அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் காலில் விழுவது, அடுத்த கப்பலில் ஊருக்குக் கிளம்புவது. மனதில் எல்லாம் முடிவாகிவிட்டது.

நிதாய் தாதா வீட்டு முற்றத்தில் காலை வைக்க இடமில்லை. கூண்டு கூண்டாக வாத்து. என்னைக் கண்டதும் மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போட் பந்த், பாய். ஹேவ்லாக் ஓட்டல்காரன் கேன்சல் பண்ணிட்டான். இத்தனை பத்தக் வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

ஹேவ்லாக் தீவில் ஒரு ஓட்டல் விருந்துக்காகச் சுற்றுப்பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிச் சேர்த்த வாத்துகள். காலையில் படகில் ஏற்ற வேண்டியது. காற்றினால் படகை நிறுத்திவிட்டார்கள். அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். நான் இலை விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எந்தக் காற்று என் கறியைக் கடலில் நிறுத்தியதோ அதே காற்றுதான் இந்த வாத்துகளையும் கரையில் நிறுத்தியிருந்தது. நான் கெபியில் நின்று திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தக் காற்று. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தாதா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு மளமளவென்று புத்தி வேலை செய்தது. கப்பலில் சரக்கு தீர்ந்த நாட்களில் இருப்பதை வைத்து எத்தனை தடவை சமைத்திருக்கிறேன்! கரைக்கு வந்து முதலாளி ஆனதும் அதெல்லாம் மறந்துவிட்டது. வெங்காயம் இல்லையா, போகட்டும். சிப்பிகாட்டில் தேங்காய் இருக்கிறது, இஞ்சி இருக்கிறது, மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் இங்கேயே விளைகிறது. தேங்காய்ப்பால் சோறும் மிளகு போட்ட வாத்துக் குழம்பும் என்று முடிவு செய்தேன்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் கத்தினார்:

"வாத்தா? எம் மக கல்யாணத்துல வாத்தால போடப்போற? சம்பந்தக்காரன் மூஞ்சில நான் எப்படில முழிப்பேன்?"

போனை வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாத்துகளை ஏற்றச் சொல்லிவிட்டேன்.

வாத்து சுத்தம் செய்வது கோழி மாதிரி இல்லை. இறகு எண்ணெய்ப்பசையாக ஒட்டிக்கொண்டு வராது. நம் அன்பியச் செபக்குழுப் பெண்களை ரீத்தா கூட்டிக்கொண்டு வந்தாள். நிதாய் தாதா வீட்டுப் பெண்கள், வெந்நீரில் முக்கி ஈரச்சாக்கில் கொஞ்ச நேரம் சுற்றிவைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பெங்காலி, நடுவில் யாரோ செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். பங்கு மண்டபத்துப் பின்கட்டு முழுவதும் இறகு பறந்தது. எனக்குத் தலை சுற்றல் வந்துவிடுமோ என்று வேறு பயம். அன்றைக்கு வரவில்லை, ஸ்தோத்திரம்.

சனிக்கிழமை காலை. வாத்துக் கறி அடுப்பில் பாதி வெந்துகொண்டிருக்கிறது. காற்று அடங்கி வெயில்கூட எட்டிப்பார்த்தது. அண்ணாச்சி பட்டுவேட்டியோடு ஓடி வந்தார். கப்பல் ஜெட்டிக்கு வந்துவிட்டதாம். ஆட்களையும் வண்டியையும் அனுப்பிவிட்டாராம். அடுப்பை அணைக்கச் சொன்னார்.

அந்த நிமிஷத்தை என்னவென்று சொல்வேன்? நான் முழங்காலில் நின்று கேட்டது அதைத்தான். ஆண்டவர் கேட்டதைத் தந்துவிட்டார். இப்போது அதை வேண்டாம் என்றால் நான் விசுவாசி தானா? ரீத்தாவைப் பார்த்தேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் செபம் வரவில்லை. பிறகு என் வாயிலிருந்தே வந்தது:

"அண்ணாச்சி, கப்பல ஜெட்டியில கட்டுறது வேற, சாமான் கைக்கு வர்றது வேற. நான் கப்பல்ல கெடந்தவன். அடுப்ப அணைக்க மாட்டேன்."

"பந்தியில ஒரு முகம் சுளிஞ்சாலும் இந்த ஊர்ல நீ அடுப்பு பத்தவைக்க முடியாதுல" என்று சொல்லிவிட்டு, அவரே ஜெட்டிக்குப் போய்விட்டார். மகள் கோயிலுக்குக் கிளம்பும் நேரம். தகப்பன் ஜெட்டியில் நிற்கிறார், என்னால். கோயில் மணி அடித்தது. நான் சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று கிளறுகிறேன், கண்ணீர் வழிகிறது. புகை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். அதற்குள் திடீரென்று மறுபடியும் மழை, கொட்டு கொட்டென்று கொட்டியது.

அந்த மழையில் கிரேனை நிறுத்திவிட்டார்கள். பெட்டி இறங்கவில்லை. அண்ணாச்சி சொட்டச் சொட்ட நனைந்து, கோயில் வாசலில் மகள் காத்துக்கொண்டு நிற்கும்போது வந்து சேர்ந்தாராம். ஈர வேட்டியோடுதான் மகளைக் கைப்பிடித்து அழைத்துப்போனார் என்று ரீத்தா வந்து சொன்னாள். அந்தக் குளிர்பெட்டியைத் திறந்தது மறுநாள்தான். நான் அடுப்பை அணைத்திருந்தால் முந்நூறு பேரும் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பந்தி நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் சந்தேகமாகத்தான் தொட்டார்கள். ஒருவர் இது என்ன கறி என்று கேட்டார், சொன்னேன், சாப்பிட்டார். எல்லாரும் புகழ்ந்து தள்ளினார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு பெரியவர் பிரியாணி இல்லையா என்று முணுமுணுத்தார். ஆனால் ஒருவரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இலை காலியானதும் குனிந்தபடியே சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துல."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

அன்றிலிருந்து என் தொழில் மாறிவிட்டது. யார் சமையலுக்குக் கேட்டாலும், தீவில் கிடைப்பதை வைத்துத்தான் செய்வேன், சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சிலர் போய்விடுகிறார்கள். நிறையப் பேர் அதற்காகவே வருகிறார்கள். நிதாய் தாதா இப்போது எங்களுக்காகவே வாத்து வளர்க்கிறார். இறகு பறிக்க வந்த அன்பியத்துப் பெண்களில் சிலர் எங்களோடேயே வேலை செய்கிறார்கள்.

சனிக்கிழமை கப்பல் வந்ததுகூட உன் செபத்துக்குப் பதில்தானே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நான் எல்லாம் முடிந்தது என்று இலையை வேண்டாமென்று சொல்லப் போன இடத்தில் ஆண்டவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

வேலை போய், என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரனே, சகோதரியே, ஆண்டவரிடம் பேசு. கோபம் வந்தால் கோபமாகவே பேசு, அவர் தாங்குவார். பேசி முடித்த பிறகு, செபிக்கத் தெம்பு இல்லையென்றால், பங்கு மண்டபத்துப் பின்கட்டுக்கு வா. உன் செபத்தை நாங்கள் சொல்கிறோம். நீ தேங்காய் துருவு.