அப்பா மாற்றிச் சொன்ன ஜப்பான் படம்

எழுபதுகளின் நடுவில் மெல்பேணில் தமிழ்ப் படம் பார்ப்பதென்றால், ஊரில் பார்த்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்க்கவேண்டியதுதான். அம்மா இங்கு வந்து இரண்டு வருடமாக ஒரு படமும் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அப்பா ஒரு ஞாயிறு மத்தியானம் எங்களைப் பல்கலைக்கழக மண்டபம் ஒன்றில் ஓடிய ஜப்பானியப் படத்துக்குக் கூட்டிப்போனார்.

"அவையும் சோறு தின்னுற சனம்தானே. உமக்குப் பிடிக்கும், வாரும்" என்பது அவருடைய நியாயம். படமென்றால் இடைவேளை இருக்கும் என்று நம்பி அம்மா ஒரு பிஸ்கட் டின் நிறையப் பருப்பு வடை சுட்டு எடுத்து வந்தார். இடைவேளை வரவேயில்லை. வடை மணத்துக்கு முன்வரிசை மாணவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிக்க வரும். படத்தின் அடியில் ஓடிய எழுத்துகளை அப்பா அவர் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. எரிந்துபோன ஊரில் மனைவி தன் பட்டு உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து அரிசி வாங்குகிறாள். கடைசியில் கொடுக்க ஒன்றுமில்லாமல், சின்ன மகனைப் பிள்ளையில்லாத தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள்.

இந்த இடத்தில் அப்பாவின் தமிழ் தடுமாறியது. நாங்களும் ஒரு வயதே ஆன என் தம்பியை யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. "ஒரு வருசம்தான், கால் ஊன்றினதும் கூப்பிடுறம்" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடம் நீண்டுகொண்டே போனது.

"லீவுக்கு நிக்க விடுறா. பிறகு வந்து கூட்டிக்கொண்டு போவா" என்றார் அப்பா.

எனக்கு எட்டு வயது, வாய்க்கு எண்பது. வகுப்பில் வாசிப்பில் முதலாவது என்ற திமிர் வேறு. "பொய்! அப்பா பிழையாச் சொல்லுறார். இனி இவன் உன்ரை பிள்ளை எண்டு சொல்லிக் குடுத்துப்போட்டா. அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு!" என்று மண்டபம் கேட்கக் கத்தினேன்.

அம்மா எழுந்து வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். ட்ராம் தரிப்பில் நின்று அப்பா பக்கம் திரும்பினார்.

"நான் குடுக்கேல்லை. விட்டிட்டு வந்தனான்."

"ஓம், ஆர் இல்லையெண்டது? அவன் அங்கை சந்தோசமாத்தானே இருக்கிறான்."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. நாளைக்கே அலுவலைப் பாருங்கோ."

அப்பா பார்த்தார். சில மாதங்களில், தெரிந்த குடும்பம் ஒன்றோடு தம்பி வந்து இறங்கினான். விமானநிலையத்தில் அம்மா அள்ளித் தூக்க, அவன் நெளிந்து இறங்கி, "சித்தி, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "டேய் மொக்கு, இதுதான் அம்மா" என்று அவனையும் திருத்திவைத்தேன்.

மெல்ல மெல்ல அவன் பழகிவிட்டான். அம்மா பெரியம்மாவுக்கு வாராவாரம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. பெரியம்மாவின் சோம்பலை நினைக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நாலு வரி எழுதவும் பெரியம்மாவுக்குப் பஞ்சி, என்னம்மா?" என்றேன்.

அம்மா அடுத்த கடிதத்தைத் தொடங்கினார். ஒரு பிள்ளை இரண்டு வருடத்துக்குமேல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுத் திரிந்த வீடு அது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.