அந்தப் பக்கம் தொட்டுப் பாத்தீங்களா?

ஸ்டீபன் அண்ணன் இன்று காலை போய்விட்டார். குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அதே ஸ்டீபன் அண்ணன்தான்.

போனில் சொன்னது அவர் மகள் மேரி. அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "காலையில டீ குடிச்சாராம்மா?"

கேட்கிற கேள்வியா அது... ஆனால் மேரி கோபித்துக்கொள்ளவில்லை. பதில் சொன்னாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

ஏன் கேட்டேன் என்று எழுதிவிடுகிறேன்.

டீ ஃபாக்டரியில் எனக்கு டேஸ்டிங் வேலை. ஸ்பூனில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். நாள் முழுக்க வாயில் டீ, ஒரு சொட்டு விழுங்குவதில்லை.

சில வருஷம் முன்னால், ஷேவ் பண்ணும்போது தாடைக்குக் கீழே இடது பக்கம் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கியது. அவ்வளவுதான்... கேன்சர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

வலது கையில் ஸ்பூன், இடது கை கழுத்தில். இப்படியே இரண்டு மாதம். அமுக்க அமுக்க வலித்தது, வலிக்க வலிக்க இன்னும் அமுக்கினேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. எங்கள் ஊரில் ஏப்ரலில் மஃப்ளர் சுற்றித் திரிந்தாலும் ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள், வசதியாகப் போயிற்று.

இன்சூரன்ஸ் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்க அண்ணன் கடைக்குப் போனேன். என் கை கழுத்துக்குப் போய்ப் போய் வருவதைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். பொண்டாட்டியிடம் சொல்லாததை ஜெராக்ஸ் கடையில் கொட்டினேன்.

கடை போடுவதற்கு முன்னால் அண்ணன் மலைக்குக் கீழே ஒரு மெடிக்கல் காலேஜில் அனாடமி ஹால் அட்டெண்டர். படிக்கிற பிள்ளைகளுக்கு எலும்பு செட் எடுத்துக் கொடுத்து, சரிபார்த்து வாங்கி வைக்கிற வேலை.

மஃப்ளரைக் கழற்றச் சொன்னார். என்னைத் தொடக்கூட இல்லை.

"ஏனுங்க, அந்தப் பக்கம் தொட்டுப் பாத்தீங்களா?"

இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை...

தொட்டேன். வலது பக்கமும் அதே கெட்டி, அதே இடத்தில். விழுங்கினேன், இரண்டும் சேர்ந்து ஏறின.

"ஹயாய்டு எலும்புங்க. லாடமாட்ட இருக்கும். நீங்க புடிச்சு நசுக்கீட்டிருக்கறது அதோட ஒரு முனைங்க. எல்லாருக்கும் இருக்கறதுதான்."

பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்து, மேலும் கீழும் ரப்பர் பேண்டு மாட்டிக் காட்டினார். வேறு எந்த எலும்போடும் சேராமல் தசைப் பிடியில் தொங்குகிற எலும்பாம். மேலே தாடை, நாக்கு, காதுக்குப் பின்னால் என்று இழுத்துப் பிடிக்கிற தசைகள். கீழே நெஞ்செலும்புக்கு ஒன்று, தோள்பட்டைக்கு ஒன்று. மேல் பேண்டை இழுத்தார், கிளிப் ஏறியது. விழுங்கும்போது நடப்பது அதுதானாம்.

தனியாகக் கிடப்பதால் செட்டில் முதலில் தொலைவதும் அதுதானாம். அதை மட்டும் தீப்பெட்டியில் போட்டு வைப்பாராம்.

ஜெராக்ஸுக்கு நின்றிருந்த அத்தனை பேரும் அவரவர் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"நான் டாக்டர் இல்லீங்க. ஒருக்கா காட்டீட்டு வந்துருங்க" என்று துரத்திவிட்டார். காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து அதையேதான் சொன்னார். கையை எடுக்கச் சொன்னார், வலி போய்விட்டது.

அன்றைக்கு பேக்கரியில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கி, உட்கார்ந்து, விழுங்கி விழுங்கி அழுதேன். அப்புறம் வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

இந்த வருஷம் அண்ணனுக்கு ஸ்ட்ரோக். பேச்சு குழறியது, விழுங்க வரவில்லை. மூக்கில் ட்யூப். அந்தத் தசைகளுக்குத்தான் தினமும் பயிற்சி கொடுத்தார்கள்.

ஒரு நாள் ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாம் என்று தெரபிஸ்ட் சொன்னதும், "டேஸ்டரைக் கூப்பிடு" என்றாராம்.

டீ போட்டுக் கொண்டுபோனேன். தெரபிஸ்ட் புரையேறாமல் இருக்க அதில் பவுடர் கலந்து கெட்டியாக்கி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். நான் கழுத்தின் இரண்டு பக்கமும் மெதுவாக விரல் வைத்துக்கொண்டு ஸ்பூனைக் கொடுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் விரலை எடுக்கவில்லை.

பிறகு விரலுக்கடியில் அது ஏறியது... இறங்கியது.

"ஏறுச்சுங்களா?" குழறித்தான் கேட்டார்.

"ஏறுச்சுங்கண்ணா."

கொஞ்ச நாளில் ட்யூபை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும், மறுபடி அந்த ட்யூபோடு போய்விடுவாரோ என்ற பயம் மட்டும் எனக்குப் போகவே இல்லை.

மேரி இன்று சொன்ன பதில்: "முழு டம்ளரும் குடிச்சாருங்க மாமா. வர்க்கியைத் தொட்டுச் சாப்புட்டாரு. அப்பறந்தான் சாஞ்சாரு."

அப்படியே ஃபாக்டரிக்கு வந்துவிட்டேன். சாயந்திரம் அடக்கத்துக்குப் போக வேண்டும்.

டேபிளில் இன்றைக்கு முதல் ஸ்பூனை மட்டும் துப்பவில்லை.

போய் வாங்கண்ணா.